ஊருக்குத் தெரியாமல் முடி நட வேண்டும்: சர்ஜனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாசகரின் கடிதம் சுருக்கமாக: சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டம். வயது 31. வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் கம்பெனியில் ஒப்பந்த வேலை, நாள் முழுக்கத் தலையில் பாதுகாப்பு ஹெல்மெட். 25 வயதில் நெற்றியின் இரு பக்கமும் ஏறத் தொடங்கிய வழுக்கை இப்போது முன்பகுதியைப் பிடித்துவிட்டது, உச்சியிலும் முடி மெலிகிறது. அப்பாவுக்கு 45 வயதிலேயே பின்பக்கத்து வளையம் மட்டும்தான் மிச்சம். ஜனவரி இரண்டாவது வாரம் திருமணம் பேசியிருக்கிறார்கள், டிசம்பரில் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். புரோக்கர் கையில் இருப்பது மூன்று வருடம் பழைய போட்டோ. பெண் வீடியோ காலில் பார்த்ததும் தொப்பி போட்ட முகத்தைத்தான். ஆகஸ்டில் 35 நாள் விடுப்பு. அதற்குள் முடி நட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அம்மா தவிர யாருக்கும் தெரியக்கூடாது. ‘5,000 கிராஃப்ட், ஒரே நாள், 60,000 ரூபாய், தழும்பே இருக்காது’ என்று ஒரு சென்டர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறது. (கிராஃப்ட் என்பது வேரோடு எடுத்து நடும் ஒரு முடிக்கொத்து.) இந்த வாரமே 10,000 முன்பணம் கட்டினால்தான் அந்த விலையாம். நாகர்கோவிலில் செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், திருவனந்தபுரம் போகட்டுமா? வேறு பெயரில் பதிவு செய்யலாமா? முடி கொட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார்களே? இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முடி நடுவதை வெளியே சொல்ல விரும்பாததில் வெட்கப்பட எதுவுமில்லை. அது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஆனால் உங்கள் கடிதத்தில் ரகசியம் முதல் வரியில் இருக்கிறது, சர்ஜன் கடைசி வரியில் இருக்கிறார். இந்த வரிசையை மாற்றுங்கள். முடி நட்டவர் என்று ஊர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பார்த்ததால் நடப்பதில்லை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக, ரொம்பக் கீழே இறக்கி நட்ட முன்கோடு காட்டிக்கொடுக்கிறது. நெற்றியோரத்தில் ஒரே துளையில் மூன்று முடி முளைத்து நிற்பது காட்டிக்கொடுக்கிறது. பின்மண்டையில் கண்டபடி எடுத்ததால் வரும் வெள்ளைப் புள்ளிகள் முடிவெட்டுக்காரரிடம் காட்டிக்கொடுக்கின்றன. எல்லாவற்றையும்விட, 31 வயதில் நட்டதைச் சுற்றி 40 வயதில் சொந்த முடி கொட்டிப்போய், முன்னால் ஒரு பட்டை முடி தனியாக நிற்பது ஊருக்கே சொல்லிவிடும். இவை நான்கும் சர்ஜன் கையில் இருப்பவை. நல்ல சர்ஜனைப் பிடித்தால் ரகசியத்தில் பெரும்பகுதி அங்கேயே காப்பாற்றப்பட்டுவிடும்.

ஜனவரிக்குள் ஆகாது

முதலில் நாள்கணக்கு. நட்ட முடி அப்படியே வளர்ந்துகொண்டு போகாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் அதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மேலே உள்ள முடி மட்டும் போகும். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய, சுருண்ட முடியாக மறுபடி எட்டிப் பார்க்கும். ஆறு மாதத்தில் ஓரளவு தெரியும். முழுப் பலன் பார்க்க 12 மாதம், உச்சியில் என்றால் 15 முதல் 18 மாதம்கூட ஆகும். இதோடு நடவு செய்த இடத்தில் ஏற்கெனவே இருந்த மெலிந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் உதிரலாம்.

ஆகஸ்ட் நடுவில் செய்தால் ஜனவரி இரண்டாவது வாரத்தில் உங்களுக்கு ஐந்து மாதம்கூட நிறைந்திருக்காது. அதாவது இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ, கிட்டத்தட்ட இதே அளவாகவோ முடியோடு மணவறையில் நிற்க நேரிடலாம். அந்த மூன்று வருடப் பழைய போட்டோவுக்குத் திருமண நாளன்று எந்த சர்ஜனாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ‘நான்கு மாதத்தில் முழு ரிசல்ட்’ என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருந்தால், அவரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட அது ஒன்றே போதும்.

உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள். ஆகஸ்டில் செய்துகொண்டு, ஜனவரியில் முடியைக் குட்டையாக வெட்டி, அரைகுறை வளர்ச்சியோடு திருமணத்தை முடிப்பது ஒன்று. இப்போது முடி கொட்டுவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கி, ஆகஸ்ட் விடுப்பில் இரண்டு சர்ஜன்களை நேரில் பார்த்துத் திட்டம் போட்டுவைத்து, திருமணம் முடிந்து வரும் அடுத்த நீண்ட விடுப்பில் செய்துகொள்வது மற்றொன்று. நான் இரண்டாவதையே சொல்வேன். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கத்தியைத் தொடுவது உங்கள் வயதில் அவசரம். திருமண நாளுக்கு மட்டும் அடர்த்தி வேண்டுமென்றால் முடி நிறத்தில் தூவும் ஃபைபர் பொடி இருக்கிறது. போட்டோவுக்கு நன்றாகவே இருக்கும், வியர்வை மட்டும்தான் அதற்கு எதிரி. பசை வைத்து ஒட்டும் ஹேர் பேட்ச் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அடியில் தோல் புண்ணாகும்.

இது எந்த வழுக்கை என்று யார் பார்த்தார்கள்?

‘அங்கே கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் தண்ணீரில் குளித்ததால்தான் கொட்டியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வளைகுடாவிலிருந்து வருகிற எல்லோரும் சொல்வது இது. முடியைத் தண்ணீர் வறட்டலாம், உடைக்கலாம். ஆனால் நெற்றி இரு பக்கமும் ஏறி, உச்சியில் வட்டமாக மெலியும் இந்த அமைப்பு பரம்பரை வழுக்கை. ஆண் ஹார்மோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், அதற்கு இணங்கும் வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கவைக்கிறது. பின்மண்டை வேர்களுக்கு அந்த இணக்கம் இல்லை. அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்பதுதான் இந்த அறுவையின் அடிப்படை. ஹெல்மெட்டும் காரணமில்லை.

ஆனாலும் ஒரு தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து மண்டை முழுவதையும், குறிப்பாகப் பின்பக்கத்தையும், பார்த்தாக வேண்டும். சிலருக்குப் பின்மண்டை முடியும் மெலிந்துகொண்டிருக்கும். அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தால், நட்ட முடியும் பின்னால் கொட்டும். அவர்களுக்கு இந்த அறுவையே செய்யக்கூடாது. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகு மொத்தமாகக் கொட்டுவது, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, புழுவெட்டு ஆகியவற்றுக்கும் நடவு சிகிச்சை இல்லை. உங்களை நேரில் பார்க்காமல், நீங்கள் அனுப்பிய இரண்டு செல்ஃபியை வைத்து 5,000 என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

5,000 என்ற எண்

பின்மண்டையில் நிரந்தரமாக நிற்கும் முடியுள்ள இடம் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 70 முடிக்கொத்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14,000. இதில் மூன்றில் ஒன்று அல்லது கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம், அதற்கு மேல் போனால் பின்மண்டை பூச்சி அரித்த மாதிரி ஆகும். ஆக வாழ்நாள் முழுதுக்கும் உங்களிடம் இருப்பது 4,500-லிருந்து 5,500 வரை, அவ்வளவுதான். நாற்றங்காலில் நாற்று இவ்வளவு என்று தெரியும்போது, வருடா வருடம் வயல் பெரிதாகிக்கொண்டே போகும் என்பதும் தெரிந்தால், நாஞ்சில் நாட்டில் யாராவது முழு நாற்றையும் முதல் வயலிலேயே நட்டுவிடுவார்களா? அப்பாவின் தலை எங்கே போய் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலையும் அங்கே போகக்கூடும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

முன்பகுதி மட்டும் என்றால் பெரும்பாலும் 1,500 முதல் 2,200 கிராஃப்ட் போதும். புருவ நடுவிலிருந்து முன்கோட்டின் மையம் 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இரு பக்கமும் கொஞ்சம் உள்வாங்கி இருக்க வேண்டும். கல்லூரிக் காலத்துப் படத்தைக் காட்டி ‘இப்படியே வேண்டும்’ என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்டதும் மறுப்பேதும் சொல்லாமல் பென்சிலால் கீழே வரைகிற சர்ஜனிடம் சந்தேகப்படுங்கள். உச்சியை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது ஒரு பெரிய பள்ளம், எவ்வளவு போட்டாலும் விழுங்கும்.

இன்னொரு கணக்கு. 5,000 கிராஃப்டை எட்டு மணி நேரத்தில் முடிக்க, ஒவ்வொன்றையும் துளைத்து, இழுத்து எடுத்து, பிரித்து, துளையிட்டு, நட ஆறு விநாடிகூட இல்லை. எனவே இரண்டில் ஒன்று நடக்கும்: பல டெக்னீஷியன்கள் ஒரே நேரத்தில் தலையில் வேலை செய்வார்கள், அல்லது எண்ணிக்கையில் பொய் இருக்கும். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி, சராசரியாக இரண்டு. முடியை எண்ணிவிட்டுக் கிராஃப்ட் என்று பில் போடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. ‘ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று எத்தனை’ என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கோட்டின் முதல் இரண்டு மூன்று வரிசைக்கு ஒற்றை முடிதான் போக வேண்டும், தோலோடு சாய்ந்த கோணத்தில். ஒற்றைகள் எத்தனை என்று சொல்லத் தெரியாதவர் அந்த வேலையை யோசிக்கவில்லை என்று பொருள்.

‘தழும்பே இருக்காது’

இருக்கும். எஃப்யூஇ முறையில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வாயுள்ள துளைப்பானால் ஒவ்வொரு கொத்தையும் தனியாக எடுப்பார்கள். 2,000 கிராஃப்ட் எடுத்தால் 2,000 சிறு புள்ளித் தழும்பு. முடி வளர்ந்தால் மறையும், ஜீரோ மெஷின் போட்டால் தெரியும், மாநிறத் தோலில் வெளுப்பாகத் தெரியும். எஃப்யூடி முறையில் பின்னால் ஒரு பட்டை தோலை எடுத்துத் தைப்பார்கள். ஒரே கோடாகத் தழும்பு, மேலே முடி ஓரிரு சென்டிமீட்டர் இருந்தால் மூடிவிடும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிக்க வேண்டும். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ கெலாய்டு (தடித்து மேடாக வளரும் தழும்பு) வந்தவர்கள் இரண்டையுமே யோசிக்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. சாதாரண எஃப்யூஇக்குப் பின்மண்டை முழுவதையும் ஒட்ட மழிப்பார்கள். நீண்ட முடியோடு போனவர் மொட்டையாக வந்தால் அம்மாவிடம் மட்டுமா ரகசியம் நிற்கும்? பட்டை முறையில் எடுக்கும் இடத்தை மட்டும் கத்தரித்து, மேல் முடியால் மூடிவிடலாம். எஃப்யூஇயிலும் ஜன்னல் போலச் சின்ன இடத்தை மட்டும் மழித்தோ, மழிக்காமலோ எடுக்கும் வழி உண்டு. நேரம் அதிகம் ஆகும், காசும் அதிகம், ஒரே நாளில் எடுக்கும் எண்ணிக்கை குறையும். பழைய முறை என்று ஒதுக்கப்படும் எஃப்யூடிதான் சிலருக்கு ஆரம்ப நாட்களை நன்றாக மறைக்கிறது. இரண்டு முறையும் தெரிந்த சர்ஜனிடம் போனால்தான் உங்களுக்கு எது என்று நேர்மையான பதில் கிடைக்கும். ஒன்று மட்டும் தெரிந்தவர் அதையே சிறந்தது என்பார்.

யார் கையில் கத்தி?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்று சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அறுவைப் பயிற்சி உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்களும் தோல் மருத்துவத்தில் முதுநிலை படித்தவர்களும். யூடியூப் பார்த்ததோ பயிலரங்கில் உட்கார்ந்ததோ பயிற்சி ஆகாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ‘டிரைக்காலஜிஸ்ட்’, ‘காஸ்மெட்டாலஜி ஃபெலோ’ என்ற பலகைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயரை வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பதிவு எண்ணும் முதுநிலைப் பட்டமும் அதில் இருக்கும். கேரளத்தில் என்றால் அந்த மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேடு. அப்படியே கிளினிக்குக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழைச் சுவரில் தெரியும்படி மாட்ட வேண்டும், கேரளத்திலும் 2018 முதல் அதுபோல ஒரு சட்டம் உண்டு.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது. நேரில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

- துளைத்து எடுப்பது யார், நெற்றியில் துளை போடுவது யார்? துளை போடும் கோணமும் திசையும்தான் இயல்பான தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. இதை டாக்டர் செய்ய வேண்டும். டெக்னீஷியன் நடுவதில் உதவலாம், அதுவும் டாக்டர் அறையில் இருக்கும்போது.
- ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? மூன்று, நான்கு பேர் என்றால் அவர் எல்லா அறையிலும் எட்டிப் பார்ப்பவர்.
- எடுத்த கிராஃப்டை எதில் வைக்கிறீர்கள்? குளிர்ந்த கரைசலில் இருக்க வேண்டும். காற்றில் சில நிமிடம் காய்ந்தாலே வேர் செத்துவிடும், இது வெளியே தெரியாத இழப்பு.
- ஒரு வருடம் கழிந்த நோயாளியின் படங்களைக் காட்டுங்கள், முடியை ஈரமாக்கி வாரிப் பின்னுக்கு இழுத்த படம். வெளிச்சம் மாற்றி எடுத்த முன்-பின் படங்களை நம்ப வேண்டாம்.
- மரத்துப்போகும் ஊசியின் கணக்கு என்ன?

கடைசிக் கேள்வியைக் கேட்க யாரும் துணிவதில்லை, ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெய்னை அட்ரினலினோடு கலந்து போட்டால் பொதுவாகக் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் உச்சம். 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் 24 மில்லியைச் சுற்றி. பெரிய பரப்பில், பல மணி நேரம், ‘வலிக்குது’ என்ற போதெல்லாம் மறுபடி மறுபடி போட்டால் எண்ணிக்கை எங்கே போகும் என்று பாருங்கள். வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை ஆரம்ப அறிகுறிகள், அதற்குப் பிறகு வலிப்பு, இதயம். ஆக்சிஜன், அவசர மருந்துகள், அந்த ஊசி அளவு மீறினால் முறிக்கும் லிபிட் எமல்ஷன், பக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எது என்ற பதில், இவை இல்லாத இடத்தில் படுக்காதீர்கள். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவரே அதற்குப் பிறகு இறந்தார். இந்த அறுவை சின்னது என்று சொல்பவர்களிடம் அதை நினைவுபடுத்துங்கள்.

அறுவைக்கு முன் ரத்த எண்ணிக்கை, உறைதல், சர்க்கரை, எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், இசிஜி பார்க்கச் சொல்வார்கள். எதுவும் கேட்காமல் தேதி கொடுப்பவர் மேல் மரியாதை வேண்டாம்.

நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?

ரகசியத்துக்காகத் திருவனந்தபுரம் போவது நம் மாவட்டத்தில் சற்று வேடிக்கையான யோசனை. மார்த்தாண்டத்துக்கு மேற்கே பாதிப் பேர் பெரிய சிகிச்சைக்கு அங்கேதான் போகிறார்கள். களியக்காவிளை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உங்கள் சித்தப்பா இருப்பார். நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவர் வாசலில் நிற்பவரைப் பார்த்து யாரும் முடி நடவு என்று நினைப்பதில்லை, ‘பொடுகு’ என்று சொல்லிவிட்டு நகரலாம். ஊழியர்களில் உங்கள் ஊர்க்காரர் இருப்பாரோ என்று பயந்தால் ஒன்றைச் செய்யுங்கள்: முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம், ‘இன்னின்ன ஊர்க்காரர் யாராவது வேலை செய்கிறார்களா’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மருத்துவ ரகசியம் காப்பது அவர்களுக்கு விதி, அதைக் காப்பவர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்.

தூரம் பிறகுதான் வலிக்கும். மறுநாளோ மூன்றாம் நாளோ முதல் தலைகழுவல் அவர்களே செய்வது நல்லது. சீழ் வைத்தால், ரத்தம் நிற்காமல் வந்தால், தையல் பிரிக்க, யாராவது தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். எனவே நான் சொல்வது: தகுதி சமமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர். தகுதி குறைவென்றால் தூரம் பார்க்காமல் போங்கள், ஆனால் நான்கைந்து நாள் அங்கேயே தங்கி. வளைகுடாவிலிருந்து அப்படியே இஸ்தான்புல் போய்விடலாமா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கும் நல்லவர்கள் உண்டு. ஆனால் பேக்கேஜாக விற்கப்படுபவை பெரும்பாலும் டெக்னீஷியன் வேலை, மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை.

பெயர், போட்டோ, பில்

வேறு பெயரில் பதிவு செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனை, மருந்து ஒவ்வாமை, சம்மதப் படிவம் எல்லாம் இல்லாத ஒருவருக்குச் சொந்தமாகிவிடும். நாளை ஏதாவது ஆனால், ‘இந்த நோயாளி எங்களிடம் வரவே இல்லை’ என்று அவர்கள் சொல்ல நீங்களே வழி செய்துகொடுக்கிறீர்கள். உண்மைப் பெயர், பில், படிவத்தின் நகல் மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். அழகு சார்ந்த சிகிச்சை என்பதால் ஜிஎஸ்டி வரும், காப்பீடு தராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

ரகசியத்துக்கு உண்மையில் உதவுவது சம்மதப் படிவத்தைப் படிப்பதுதான். ‘என் படங்களைக் கல்விக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம்’ என்ற வரி பெரும்பாலும் அதில் புதைந்து கிடக்கும். அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள், டாக்டரும் போடட்டும். உங்களை அடையாளம் காணும்படி உங்கள் படத்தை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியிட மருத்துவ நடத்தை விதிகளே தடுக்கின்றன. படம் எடுப்பது தேவைதான், அது கோப்பில் இருக்கட்டும், சென்டர் ஆலோசகரின் செல்போனில் வேண்டாம். அந்த சென்டருக்கு அனுப்பிய செல்ஃபிகளை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டுவையுங்கள்.

தவறு நடந்தால் உரிமை உண்டு. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி, திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ செய்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில், அதாவது நாகர்கோவிலில், வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணம் இல்லை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் முடி அடர்த்தியாக வரவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. எண்ணிக்கையும் வாக்குறுதியும் எழுத்தில் இருந்தால்தான் வாதிட முடியும்.

மாத்திரையும் மணப்பெண்ணும்

நீங்கள் கேட்ட மாத்திரை, பினாஸ்டெரைட் ஒரு மில்லிகிராம், பற்றிய பயம் பெரிதாகிப்போன ஒன்று. மருந்து அறிமுகமான காலத்துப் பரிசோதனையில் பாலியல் தொந்தரவு சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகும். சிலருக்கு நீடிப்பதாகவும், மனச்சோர்வு வருவதாகவும் பதிவுகள் உள்ளன. அப்படி ஏதாவது தோன்றினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மனநல சிகிச்சை எடுத்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். திருமணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது நன்றாகத் தெரிந்துவிடும், அது திருமண இரவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை. தலையில் தடவும் மினாக்சிடில் 5 சதவீத திரவம் காலையும் இரவும் 1 மில்லி, ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டும், பயந்து விடாதீர்கள். இரண்டும் பலன் காட்ட நான்கு முதல் ஆறு மாதம் எடுக்கும். நடவு செய்தாலும் மீதி முடியைப் பிடித்துவைக்க இவை தொடர வேண்டும். நடவுதான் மருந்துக்கு மாற்று என்று நீங்கள் நினைத்தது தவறு.

பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான். நடவைப் பற்றிச் சொல்லக் கட்டாயம் இல்லை. ஆனால் குளியலறையில் மினாக்சிடில் பாட்டில் இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போது உடைந்த பினாஸ்டெரைட் மாத்திரையை அவர் கையில் எடுக்கக்கூடாது, அது ஆண் சிசுவைப் பாதிக்கும். இதைச் சொல்லாமல் எப்படி எச்சரிப்பீர்கள்? மேலும் அவர் பார்த்தது தொப்பி. ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது தொப்பி இல்லாமல் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். முடிவெட்டுக்காரரிடம் மறைப்பது உங்கள் வேலைதான், இவரிடம் மறைக்கப் போனால் வருடக்கணக்கில் வேலை.

விடுப்பைப் பிரிப்பது

ஆகஸ்டில்தான் செய்வேன் என்று முடிவெடுத்தால், ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அறுவை முடிந்துவிட வேண்டும். சர்ஜனைத் தேர்வதை இப்போதே வீடியோ ஆலோசனையில் ஆரம்பித்து, இறுதி முடிவை நேரில் பார்த்தபின் எடுங்கள், முன்பணம் அதற்குப் பிறகு. ஒரு வாரத்துக்கு முன்பே மது, புகை, வலிநிவாரணிகள், மீன் எண்ணெய் மாத்திரை நிறுத்தம். அன்று நீங்களே பைக்கோ காரோ ஓட்டித் திரும்ப வேண்டாம். மூன்று, நான்காம் நாளில் நெற்றி வீங்கி இமை வரை இறங்கும், பார்ப்பவர்கள் குளவி கொட்டியதா என்பார்கள். அந்த நாட்கள் வீட்டுக்குள். பொருக்கு 7 முதல் 10 நாளில் விழும், நகத்தால் கிள்ளினால் வேரோடு வரும். சிவப்பு இரண்டு மூன்று வாரம் நிற்கும். தேங்காயெண்ணெய் ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள், அம்மா கேட்டாலும். கடலில் குளிப்பது, குளம், ஜிம் மூன்று நான்கு வாரம் கழித்து. பைக் ஹெல்மெட் இரண்டு வாரம் வேண்டாம், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

பிரச்சினை உங்கள் வேலைத்தள ஹெல்மெட். இறுக்கமான பட்டை நேராக நட்ட கோட்டின் மேல்தான் உட்காரும். நான்கு வாரத்தில் அதைப் போடலாம், உள்பட்டையைத் தளர்த்தி, அடியில் சுத்தமான பருத்தித் துணி வைத்து, நாளுக்கு ஒரு துணி மாற்றி. முதல் மூன்று மாதம் அங்கே வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கக்கூடாது, நட்ட இடத்துத் தோல் கறுத்துப்போகும். திரும்பும் விமானத்தில் கைப்பையில் அறுவைக் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், டாக்டரின் நேரடி எண் மூன்றும் இருக்கட்டும். பரு மாதிரி ஒன்றிரண்டு வந்தால் வெந்நீர் ஒத்தடம் போதும். காய்ச்சலோடு சிவந்து வலித்தால், அல்லது நட்ட இடத்தில் தோல் கறுத்துச் சாம்பல் நிறமானால், அன்றைக்கே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.